காலி அட்டை

போன மாதம் ஷர்மிளா வீட்டுக்கு வந்து, கையிலிருந்த டேப்பின் திரையை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். நெடுங்காட்டுப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் முப்பத்தோரு வருடம் மருந்து கொடுத்த ஜன்னலில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"பாருங்கம்மா, புதுசா ஒண்ணு சேத்திருக்காங்க. பிரஷர், சுகர்னு யார் வந்தாலும் மனசப் பத்தி ரெண்டு கேள்வி கேட்டு டிக் பண்ணணுமாம். புதன்கிழமை நூறு பேருக்கு மேல வர்றாங்க. எப்படிம்மா முடியும்?"

"எந்த ரெண்டு கேள்வி, படி."

படித்தாள். கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்தீர்களா? மனம் சோர்ந்து போயிருந்தீர்களா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதுசாமே. டேப்பும் இல்லாமல், பாதி நாள் கரண்டும் இல்லாமல் எங்கள் டாக்டர் இதே இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்த காலத்தை நான் ஜன்னலுக்குள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதை அவளிடம் சொன்னேன். "அதத்தாம்மா எழுதிக் குடுங்க. புதுசா வர்ற பிள்ளைங்க படிக்கட்டும். நீங்க எழுதினாத்தான் சரியா இருக்கும்" என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள். அவளுக்குத் தெரியும், எதற்கு அழுத்தினாள் என்று எனக்கும் தெரியும்.

சரி, எழுதுகிறேன். பெயர் ஸ்டெல்லா. காரைக்கால் டவுனில் பிறந்து, டவுனிலேயே வாழ்க்கைப்பட்டவள். பாண்டிச்சேரியில் இரண்டு வருடம் மருந்தாளுநர் படிப்பு. அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல விடுதிச் சாம்பாரைத் தவிர ஒன்றுமில்லை. வேலையை நான் கற்றுக்கொண்டது ஜன்னலில்தான். அரசாங்கம் எனக்கு என்ன பதவிப் பெயர் வைத்திருந்தாலும் ஊர் ஜனங்களுக்கு நான் கம்பவுண்டரம்மா. பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற கிழவர் ஒருவர் மட்டும், இரண்டு பிள்ளை பெற்றவள் என்று தெரிந்தும், நான் சாகும்வரை 'மத்மசேல்'தான், கல்யாணமாகாத பெண்தான் என்று அடம்பிடிப்பார். எனக்கு வாய் நீளம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களை வரிசையில் நிற்க வைத்தே திட்டுவேன். அதற்காக என்னைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு, என்னிடம் திட்டு வாங்கவே வந்தவர்களும் உண்டு.

பிரஷர் நாள் புதன்கிழமை. முதலில் சனிக்கிழமை என்றுதான் வைத்தார்கள். சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கூட்டத்தில் சிக்கிக்கொண்ட பஸ் பன்னிரண்டு மணிக்குத்தான் வந்து சேரும். அதனால் புதனுக்கு மாற்றியவர் டாக்டர் குலசேகரன். அவரிடம் பதினோரு வருடம் வேலை பார்த்தேன்.

ஒல்லியான ஆள். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி பையில் வைத்திருக்கும் பழைய வேட்டித் துண்டால் துடைப்பார். அரை நிமிடத்துக்கு மேல் துடைத்தால் நாங்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வோம். அவர் அறையில் சாய்மானம் உள்ள மர நாற்காலி ஒன்று இருந்தது. பிரஷர் பார்க்க வருகிறவர் அதில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். அதற்கும் முன்னால், "ஒண்ணுக்குப் போய்ட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்பார். வெட்கப்பட்டுக்கொண்டே வெளியே ஓடிய பெண்கள் எத்தனையோ. திரும்பி வந்து முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்கார வேண்டும். பேசக் கூடாது. டாக்டரும் பேச மாட்டார். நடவு, நாத்து, மருமகள் என்று வெளியே பெஞ்சில் சத்தம் காதைப் பிளக்கும். உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். பிறகு கையை மேஜை மேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, துணிப்பட்டையைச் சுற்றி, பாதரசத்தை மெதுவாக இறக்குவார். எழுதிக்கொள்வார். சிறிது பொறுத்து இன்னொரு தடவை பார்ப்பார். அந்தப் பாதரச மிஷினெல்லாம் இப்போது போய்விட்டது. பொத்தானை அமுக்கினால் நம்பர் வருகிறது. பச்சைப் பெட்டியைத் திறக்கும்போது 'டக்'கென்று வருமே ஒரு சத்தம், அதைக் கேட்க இன்னும் எனக்கு ஆசையாக இருக்கிறது.

எல்லாம் முடிந்து, மருந்து எழுதிய கார்டை வாங்கிக்கொண்டு நோயாளி எழுந்து நிற்கும்போதுதான் அவருடைய இரண்டு கேள்வி வரும். "ரெண்டு வாரமா மனசுக்கு எதாச்சும் புடிச்சிருந்துச்சா? இல்ல, எல்லாம் விட்டுப்போன மாதிரி இருக்கா?"

ஏன் உட்கார்ந்திருக்கும்போது கேட்கக் கூடாது என்று ஒருநாள் கேட்டேன். "ஒக்காந்திருக்கறவங்க டாக்டருக்குப் பதில் சொல்லுவாங்க ஸ்டெல்லா. கெளம்பிட்டவங்கதான் உள்ளதச் சொல்லுவாங்க" என்றார்.

பிரஷர் பார்க்க வந்தவரிடம் மனசைப் பற்றி எதற்கு விசாரணை என்றுதான் அன்று எனக்கும் தோன்றியது. டீ குடிக்கும்போது அவரே சொன்னார். பிரஷர்காரர்களில் பலருக்குச் சோர்வும் பயமும் கூடவே இருக்கும். சோர்ந்தவர் மாத்திரையை விட்டுவிடுவார். விட்டால் பிரஷர் ஏறும். ஏறியது தெரிந்தால் பயம் இன்னும் கூடும். "நாம பிரஷர மட்டும் பாத்துட்டு மாத்திரைய ஏத்திக்கிட்டே போவோம்" என்றார்.

பயத்துக்கு ஓர் ஆளைக் கண்ணாலேயே பார்த்தேன். சகாயமேரி என்ற அக்கா. துபாயிலிருந்து மகன் பிரஷர் மிஷின் வாங்கி அனுப்பிவிட்டான். அன்றிலிருந்து அக்காவுக்கு வேறு வேலை இல்லை. காப்பிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்து வீட்டாரோடு சண்டை போட்டுவிட்டு ஒன்று. ஒவ்வொரு தடவையும் போன தடவையைவிட இரண்டு நம்பர் கூட. நெஞ்சு படபடக்கிறது என்று வாரத்தில் மூன்று நாள் எங்களிடம் ஓடி வருவார். டாக்டர் மருந்து எதுவும் கூட்டவில்லை. மிஷினை வாங்கி என் மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். "புதன்கிழமை வாங்க, ஒங்க மிஷின்லயே பாப்போம். மத்த நாள்ல இது ஸ்டெல்லாகிட்ட தூங்கட்டும்." பதினைந்து நாள் அக்கா என்னோடு பேசவில்லை. ஒரு மாதம் கழித்து நம்பர் தானாகவே இறங்கியது. பத்து மாதம் அந்த மிஷின் என் அலமாரியில் தூங்கியது.

இப்படிப்பட்ட மனுஷனிடம் வேலை பார்த்தும் நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன். ஷர்மிளா எழுதச் சொன்னதில் அதுவும் சேர்த்திதான்.

மாத்திரையைக் கொண்டுபோய்ப் பரணில் போடுகிறவர்கள் அப்போது அதிகம். ஒருநாள் வாய்க்கால் கரையில் எங்கள் மாத்திரை அட்டைகள் முழுசாகக் கிடந்ததை நானே பார்த்தேன். வயிறு எரிந்தது. அடுத்த புதன்கிழமை ஒரு சட்டம் போட்டேன். போன மாதத்துக் காலி அட்டையைக் கொண்டு வந்தால்தான் இந்த மாதத்து மாத்திரை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமலேயே மாட்டிக்கொண்டார். "சரி, செஞ்சு பாருங்க" என்றார். ஜனங்கள் அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டு வர ஆரம்பித்தார்கள். நானும் ஒவ்வொரு குழியாக எண்ணி, உபதேசம் பண்ணி, மாத்திரை கொடுத்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என் பெருமைக்குச் சிகரம் தனபால். ஐம்பது வயதிருக்கும். சொந்தமாக இரண்டு ஏக்கரில் நெல் போடுகிறவர். யாரிடமும் அதிர்ந்து பேசாத ஆள். ஒரு மாதம் தவறாது. ஒரு குழி கூட மிச்சம் இருக்காது. வரிசையில் யாராவது அட்டை கொண்டு வராமல் தலையைச் சொறிந்தால், "அந்தத் தனபால் அண்ணனப் பாருங்க. அவரு காலத் தொட்டுக் கும்புடுங்க, அப்பவாச்சும் புத்தி வருதான்னு பாப்போம்" என்பேன். அவர் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று நினைத்தேன்.

ஆனால் பிரஷர் மட்டும் இறங்கவில்லை. நூற்று எழுபதுக்குக் கீழே வருவேனா என்றது. டாக்டர் அளவைக் கூட்டினார். அடுத்த மாதம் இரண்டாவதாக ஒரு மாத்திரை சேர்த்தார். அதற்கும் அசையவில்லை. "ஒழுங்கா சாப்புடறாரா ஸ்டெல்லா?" என்று கேட்டார். "நான் கேரண்டி சார்" என்றேன். மூன்றாவது மாத்திரையும் சேர்ந்தது. என் கேரண்டியை நம்பித்தான் சேர்த்தார்.

அந்த மூன்றாவது மாத்திரை எழுதிய அன்று நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது. தனபால் கார்டோடு எழுந்து நின்றார். டாக்டர் தன் இரண்டு கேள்வியைக் கேட்டார். தனபால் கார்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். வாயைத் திறந்தார். டாக்டர் அறைக்கும் என் மருந்தறைக்கும் நடுவில் ஒரு கதவுதான். நான் இந்தப் பக்கமிருந்து சத்தமாகச் சொன்னேன்: "அவருக்கென்ன சார் கொறச்சல்? தங்கமான ஆளு. ஒரு மாத்திரை விட மாட்டாரு." பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தனபாலும் சிரித்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த மாதம் சம்பா நடவு. மழை வேறு. பிரஷர் நாளிலும் பத்துப் பேர்தான். தனபால் முதல் ஆளாக வந்து அட்டைகளைக் கொடுத்துவிட்டு, பிரஷர் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். வேலை இல்லாததால் நான் காலி அட்டைகளைத் தரம் பிரித்துக் குப்பைக்குக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் புழங்கிய அட்டை எப்படி இருக்கும் என்று மருந்து கொடுக்கிறவர்களுக்குத் தெரியும். மடங்கியிருக்கும். வெற்றிலைக் கறை இருக்கும், மீன் வாசம் அடிக்கும். சிலர் அன்றன்றைக்கு ஒரு குழியாகக் கத்தரித்திருப்பார்கள். முதலில் உடைத்த குழியின் வெள்ளித்தாள் மங்கிக் கறுத்திருக்கும், கடைசிக் குழிதான் பளபளக்கும். தனபாலின் அட்டைகள் என் கைக்கு வந்தன. ஒன்பது அட்டை. ஒன்றில் கூட மடிப்பு இல்லை. பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி விறைப்பாக இருந்தன. தொண்ணூறு குழியிலும் வெள்ளித்தாள் ஒரே பளபளப்பு. ஒரு குழியின் ஓரத்தில் மாத்திரைத் தூள் இன்னும் உதிராமல் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தனையையும் அன்று காலையில், ஒரே உட்காரலில் தள்ளியிருக்கிறார்.

மாதாமாதம் நான் எண்ணினேன். ஒரு மாதம் கூடப் பார்க்கவில்லை.

அட்டைகளை அள்ளி டாக்டரிடம் கொண்டு போனேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நீங்க எண்ணுனது அட்டைய ஸ்டெல்லா" என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு சொன்னார்: "மாத்திரையெல்லாம் வீட்ல எங்கயோ இருக்கு. அவரு எந்த மனசுல இருக்காருன்னு நமக்குத் தெரியல. நாளைக்கின்னு வைக்க முடியாது. கெளம்புங்க."

நர்ஸிடம் சொல்லிவிட்டு, அவருடைய ஸ்கூட்டரில், மழையில், வாய்க்கால் ரோட்டில் போனோம். குடையைப் பிடிக்க முடியவில்லை. பிரஷர் மிஷினைப் பாலிதீன் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். வழி நெடுக, மாதாவே, அந்த ஆள் உயிரோடு இருக்கணும் என்பதைத் தவிர வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

தனபாலின் மனைவி மல்லிகா வாசலிலேயே பதறிப்போனார். "என்னங்கம்மா, சாரையும் அழைச்சிக்கிட்டு? அவங்க கொல்லையில இருக்காங்க. இப்பல்லாம் வயப்பக்கமே போறதில்லங்க. நடவுக்கும் நான்தான் நிக்கிறேன். பிரஷர் மாத்திரை ஒடம்ப அசத்துதுன்னு சொல்றாங்க."

கொல்லைக் கொட்டகையில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் தனபால் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சார், வாங்கம்மா" என்றார். அன்று காலையில் அவரிடம் பேசிய நான் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். டாக்டர் அவரை உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் இருக்கும். என் வாய் சும்மா இருந்த முதல் ஐந்து நிமிடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தனபாலே எழுந்து போய், நெல் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டு வந்து டாக்டர் கையில் கொடுத்தார். கழுத்துவரை மாத்திரை.

"சாவணும்னு நெனப்பு வருதா தனபால்?" என்று டாக்டர் நேராகக் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படியா வெளிப்படையாகக் கேட்பார்கள், இல்லாத நினைப்பும் வந்துவிடாதா என்று பயந்தேன். கேட்டால் வராது, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து என்று பிறகு அவர்தான் விளக்கினார்.

தனபால் அழவில்லை. "சாவணும்னு தேடிப் போவல சார். இருக்கணும்னும் தோணல. தானா முடிஞ்சா முடியட்டும்னு விட்டுட்டேன். தூக்கி எறியவும் மனசு வரல, கவர்மென்ட்டு மருந்தாச்சே."

"என்ன கொறை ஒங்களுக்கு? புள்ளைங்க நல்லா இருக்கு, வெளச்சல் நல்லா இருக்கு" என்று மல்லிகா அழுதார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மல்லி. அதான் வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

நான் அவர் எதிரில் போய் நின்றேன். "எங்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சாந்தமாகச் சொன்னார்: "எல்லாரு முன்னாலயும் என்னைய நல்லவன்னு சொல்லிட்டீங்களே கம்பவுண்டரம்மா. அப்பறம் எப்படி நான் போய் சொல்றது?"

அன்று சாயங்காலமே மல்லிகாவோடு அவரைக் காரைக்காலுக்கு அழைத்துப்போய் மனநல மருத்துவரிடம் காட்டினார் டாக்டர். ஒரே நாளில் மனுஷன் மாறிவிடவில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆனது. மல்லிகா தன் கையால் மாத்திரை கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்தில் நின்றார். அறுவடைக்கு முன்னால் ஒரு புதன்கிழமை தனபால் வந்து, "வயலுக்குப் போனேம்மா. ஒரு பச்சப் பாம்பப் பாத்தேன், அழகா இருந்துச்சு" என்றார். ஒருவர் பாம்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதற்காக நான் கண் கலங்கியது அன்றுதான். பிரஷருக்கும் மூன்று மாத்திரை தேவைப்படவில்லை. ஒன்றே போதுமாக இருந்தது. அந்த மூன்றையும் திடீரென்று ஒருநாள் ஒழுங்காக விழுங்க ஆரம்பித்திருந்தால் பிரஷர் ஒரேயடியாக இறங்கி எங்காவது வரப்பில் விழுந்திருப்பார் என்று டாக்டர் சொன்னபோது, என் கேரண்டிக்கு என்ன விலை என்று எனக்குப் புரிந்தது.

காலி அட்டைச் சட்டத்தை அந்த வாரமே எடுத்துவிட்டேன். யாரையும் யாருக்கும் உதாரணம் காட்டுவதை நிறுத்தினேன். டாக்டர் குலசேகரன் மாற்றலாகிப் போன பிறகும், ஓய்வு பெறும்வரை, மருந்தைக் கையில் கொடுத்தபின் ஜன்னலில் அந்த இரண்டு கேள்வியைக் கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளவும் கற்றுக்கொண்டேன். கேள்வியைவிட அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இனி ஷர்மிளா அழுத்திச் சொன்ன விஷயம்.

ஓய்வு பெற்ற அடுத்த வருடம் எனக்கும் பிரஷர் வந்தது. மாத்திரை டவுனிலேயே கிடைக்கும். ஆனாலும் பஸ் ஏறி எங்கள் சுகாதார நிலையத்துக்குத்தான் போவேன். வீட்டில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார். பிள்ளைகள் நல்ல வேலையில் இருக்கிறார்கள். இருந்தும் காலையில் எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்றிருந்தது. மாதா கோயில் பூசைக்குப் போவதை நிறுத்தினேன். குழம்பு வைத்தால் உப்புப் பார்க்கத் தோன்றவில்லை. மாத்திரையைக் கையில் எடுப்பேன், அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிடுவேன். மாதாமாதம் புதன்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, மூன்று அட்டையையும் எடுத்து, முப்பது மாத்திரையையும் ஒரு டப்பாவுக்குள் தள்ளுவேன். காலி அட்டை கேட்கிற ஆள் இப்போது அங்கே யாரும் இல்லை. அந்தச் சட்டத்தை எடுத்தவளே நான்தான். ஆனாலும் தள்ளினேன், ரப்பர் பேண்டு போட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

போன வருடம் அப்படி ஒரு புதன்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் தனபால். தலை முழுக்க நரைத்துவிட்டது. "நல்லா இருக்கீங்களா கம்பவுண்டரம்மா?" என்றார். "எனக்கென்ன கொறச்சல்" என்று சொல்லிவிட்டு, கார்டை எடுக்கப் பையைத் திறந்தேன். அட்டைக்கட்டு வெளியே வந்து அவர் காலடியில் விழுந்தது.

குனிந்து எடுத்தார். கொடுக்கப் போனவர் கையை நிறுத்தினார். ரப்பர் பேண்டைக் கழற்றி, ஒவ்வோர் அட்டையாக வெளிச்சத்தில் திருப்பினார். விரலால் ஒரு குழியைத் தடவிப் பார்த்தார்.

"இன்னக்கிக் காலையிலயா?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"எனக்கேவா அண்ணே?" என்று சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அட்டையைத் திருப்பித் தரவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த மௌனம் யாரிடம் கற்றது என்று எனக்குத் தெரியும். அதற்கு எதிரில் என்னால் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

"அஞ்சு மாசமா" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. நூறு பேருக்கு நடுவில், நான் அதட்டி மிரட்டிய அதே பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

தனபால் எழுந்து நின்று கையை நீட்டினார். "எந்திரிங்க, ஷர்மிளாகிட்ட போவோம். பயப்படாதீங்கம்மா. நீங்க நல்லவங்கன்னு நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

எழுந்தேன். இப்போது என் பையில் இருக்கிற அட்டை இரண்டாக மடிந்து, காப்பிக் கறை பட்டு, பார்க்கச் சகிக்காமல் இருக்கிறது. ஆறு குழி காலி. நாலில் மாத்திரை இருக்கிறது.